விலை ஏறுகிறது, இலாபம் ஏறுகிறதா? பழைய பிரிட்டிஷ் கார்களைப் பற்றிய ஒரு சேமிப்புப் பாடம்

நிலம், நகை, வைப்புத்தொகை ஆகிய மூன்றையும் பற்றி வாடிக்கையாளர்கள் எழுப்பும் வினாக்களுக்கு விடை கூறுவது இவ்விதழுக்குப் பழகிய பணி. இம்முறை அவற்றோடு சேராத ஒரு வினாவை எடுத்துக்கொள்கிறோம். பழைய பிரிட்டிஷ் கார் ஒன்றை வாங்கி வைத்தால், அதன் விலை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே இருக்குமா? அதை ஒரு சேமிப்பாகக் கருதலாமா?

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வினா தொலைவில் உள்ளதன்று. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்புவோர் கையில் பணிக்கொடைத் தொகை இருக்கிறது. அங்கே விளையாட்டுக் கார்கள் பெருவிலைக்குக் கைமாறுவதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஊரிலோ, தகப்பனார் காலத்துக் கார் ஒன்று தென்னங்கீற்றுக் கொட்டகையில் நின்றுகொண்டிருக்கக்கூடும். “விற்றுவிடாதீர்கள், இன்னும் விலை ஏறும்” என்று ஒருவர் சொல்வார். “பணத்தை வங்கியில் போடுவதைவிட இதில் போடலாம்” என்று இன்னொருவர் சொல்வார். இவ்விரு அறிவுரைகளையும் கணக்கோடு வைத்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

நம் சாலையில் ஓடிய பிரிட்டிஷ் வண்டிகள்

பிரிட்டனின் வண்டிகள் நமக்கு அன்னியமானவை அல்ல. 1938-ல் திருவிதாங்கூர் அரசு தன் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, பிரிட்டனிலிருந்து வந்த காமர் சேசிஸ் மீதே வண்டிகளைக் கட்டிற்று. விடுதலைக்குப் பின் பிரிட்டிஷ் மாதிரிகள் இந்தியத் தொழிற்சாலைகளிலேயே உருவாயின. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் கார் இங்கே அம்பாசிடர் ஆயிற்று. 2014 மே மாதம் வரை அது மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்டது. ராயல் என்ஃபீல்டு புல்லட்டைச் சென்னைத் திருவொற்றியூரில் உருவாக்க 1955-ல் கூட்டு முயற்சி தொடங்கியது. பிரிட்டனில் அந்நிறுவனம் மறைந்த பின்னும் சென்னையில் புல்லட் நிற்கவில்லை.

நம் வினாவுக்கு மிக நெருங்கிய உறவினர், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகும். பிரிட்டனின் டிரயம்ப் ஹெரால்டே 1961 முதல் இங்கு இப்பெயரில் வெளிவந்தது. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி அதன் வடிவத்தை அமைத்தார். ஹெரால்டின் சேசிஸைச் சுருக்கித்தான் டிரயம்ப் நிறுவனம் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்னும் விளையாட்டுக் காரை உருவாக்கியது. ஆகவே நம் ஊர்க் கொட்டகையில் நிற்கும் ஹெரால்டு, பிரிட்டிஷ் விளையாட்டுக் காருக்கு உடன்பிறப்பு எனலாம். ஹெரால்டைத் தொடர்ந்து 1972-ல் ஸ்டாண்டர்டு கெசல் வந்தது. 1985-ல் ரோவர் எஸ்.டி.1 காரின் உடலோடு ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அதன் எஞ்சினோ பழைய வான்கார்டு காலத்தது. சில ஆண்டுகளிலேயே அதன் தயாரிப்பு நின்றுபோயிற்று.

இவ்வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஸ்டாண்டர்டு 2000 அரிய கார்தான். அரிதாக இருப்பதாலேயே ஒரு பொருளின் விலை ஏறிவிடுவதில்லை. அதை விரும்பித் தேடுவோரும் வேண்டும்.

விலையை ஏற்றும் மூன்று காரணங்கள்

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்டவை மரபுக் கார்கள் எனப்படுகின்றன. 1980 முதல் 2000-களின் தொடக்கம் வரை வந்து, இன்று தேடப்படுபவை நவீன மரபுக் கார்கள். 1996-ல் அறிமுகமாகி 2021 வரை தயாரிக்கப்பட்ட லோட்டஸ் எலீஸ், 1995-ல் வந்த எம்.ஜி.எஃப். போன்றவை பின்னதற்கு எடுத்துக்காட்டு. இரு வகையிலும் விலையை ஏற்றும் காரணங்கள் ஒன்றே.

முதலாவது, எண்ணிக்கை. 1990-களில் உருவான மெக்லாரன் எஃப்1 காரில் பந்தய வண்டிகளையும் சேர்த்து மொத்தம் 106 மட்டுமே செய்யப்பட்டன. அவற்றுள் 1995-ஆம் ஆண்டுக் கார் ஒன்று 2021 ஆகஸ்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2 கோடியே 4 இலட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. மறுபுறம், 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி. கார் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டு வெளிவந்தது. ஸ்பிட்ஃபயர் 3 இலட்சத்துக்கும் மேல். எம்.ஜி.பி.யின் முழு உடற்கூட்டையே 1988 முதல் பிரிட்டனில் மீண்டும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். உதிரிப்பாகம் எளிதில் கிடைப்பது ஓட்டுபவருக்கு நன்மை. ஆயின் அதுவே விலைக்கு ஒரு கூரையாகவும் அமைகிறது.

இரண்டாவது, கதை. ஒரே மாதிரியில் இரண்டு கார்கள் இருந்தாலும் விலை வேறாகும். ஜேம்ஸ் பாண்டு திரைப்படமொன்றின் விளம்பரத்துக்காகப் பயன்படுத்தப்பட்ட ஆஸ்டன் மார்ட்டின் டி.பி.5 ஒன்று 2019-ல் 63 இலட்சத்து 85 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. அந்த விலை அக்காரின் கதைக்குக் கிடைத்தது. அதே மாதிரியின் ஏனைய கார்களுக்கு அது பொருந்தாது.

மூன்றாவது, தலைமுறை. பதினைந்து வயதில் சுவரில் படமாக ஒட்டி வைத்த காரை, ஐம்பது வயதில் பணம் சேர்ந்த பின் வாங்குவது மனித இயல்பு. அத்தலைமுறை ஓட்டுவதை நிறுத்தும்போது, தேவையும் அடுத்த தலைமுறையின் கார்களை நோக்கி நகர்ந்துவிடும். 1930-களின் கார்களைவிட 1990-களின் கார்களை இன்று இளையோர் மிகுதியாக விரும்புவதன் காரணம் இதுவே. நம் ஊரிலும் ஹெரால்டை ஆசையோடு நோக்குபவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அதில் பள்ளிக்குச் சென்றவர்களும், அதைச் சாலையோரம் நின்று பார்த்தவர்களும்தாம். அவர்களுடைய பேரப் பிள்ளைகளுக்கும் அதே ஆசை இருக்கும் என்று கூற இயலாது.

ஏறியது இறங்கிய காலம்

“ஏறிக்கொண்டே இருக்குமா” என்பதற்கு வரலாறு தரும் விடை, இல்லை என்பதே. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப், பிரிட்டிஷ் விளையாட்டுக் கார்களுள் புகழ்மிக்கது. 1980-களின் பிற்பகுதியில் அதன் விலையும், அது போன்ற பிற கார்களின் விலையும் விரைந்து ஏறின. ஓட்டும் ஆசை இல்லாதவர்களும் மறுவிற்பனைக்காகக் கடன் பெற்று வாங்கினார்கள். 1989 அக்டோபரில் பிரிட்டனின் அடிப்படை வட்டி 15 விழுக்காட்டை எட்டியது. அதைத் தொடர்ந்து பொருளாதாரத் தேக்கம் வந்தது. கடன் வாங்கியோர் ஒரே நேரத்தில் விற்க முற்பட, வாங்குவோர் விலகினர், விலை பெருமளவு சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் மீள்வதற்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

2009 மார்ச்சில் அதே அடிப்படை வட்டி அரை விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வங்கியில் வட்டி இல்லாத பணம் கார், கடிகாரம், ஓவியம் ஆகியவற்றைத் தேடிச் சென்றது. பழைய கார்களின் விலை மீண்டும் ஏறியது. 2023 ஆகஸ்டில் வட்டி 5.25 விழுக்காடாயிற்று. சந்தையின் விறுவிறுப்பும் தணிந்தது. வட்டியும் பழைய கார் விலையும் துலாக்கோலின் இரு தட்டுகளைப் போல இயங்குவதை இங்கே காண்கிறோம். வட்டி ஒன்றே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் வட்டி தராத ஒரு பொருளின் விலை, வட்டி தரும் பொருளோடு எந்நாளும் போட்டியிட வேண்டியிருக்கிறது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ளலாம்.

ஐந்து மடங்கு என்னும் மாயை

இனிக் கணக்குக்கு வருவோம். கீழ்க்காணும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை. சந்தை விலைகள் அல்ல. உங்கள் சொந்தத் தொகைகளை இவ்விடத்தில் இட்டுக் கணக்கிடலாம்.

நெய்யாற்றின்கரையில் ஒருவர் 15 ஆண்டுகளுக்கு முன் ஒரு ஹெரால்டை ரூ. 1,50,000-க்கு வாங்கினார் என்று கொள்வோம். துருப்பிடித்த தகடுகளை மாற்றி, எஞ்சினைப் பிரித்துச் சீராக்கி, பெயின்ட் அடித்து, இருக்கை உறைகளைப் புதுப்பிக்க ரூ. 2,50,000 செலவாயிற்று. அதன்பின் காப்பீடு, பராமரிப்பு, கார் ஷெட், வரி என ஆண்டுக்கு ரூ. 20,000. பதினைந்தாம் ஆண்டின் முடிவில் ரூ. 7,50,000-க்கு விற்றார்.

ஊரார் கண்ணுக்கு ஒன்றரை இலட்சம் ஏழரை இலட்சமாகிவிட்டது. ஐந்து மடங்கு, அதாவது ஆண்டுக்கு 11 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வளர்ச்சி. ஆனால் அவர் கையிலிருந்து சென்றது எவ்வளவு? வாங்கிய விலையும் சீரமைப்பும் சேர்ந்து 4 இலட்சம். பதினைந்து ஆண்டுச் செலவு 3 இலட்சம். மொத்தம் 7 இலட்சம். எஞ்சிய இலாபம் ரூ. 50,000. பணம் சென்ற காலங்களையும் கணக்கில் சேர்த்தால், இது ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வருவாயே.

அதே 4 இலட்சத்தை 7 விழுக்காடு ஆண்டுக் கூட்டுவட்டியில் வைத்து, ஆண்டு முடிவுதோறும் அதே 20,000 ரூபாயையும் சேர்த்து வந்திருந்தால், பதினைந்து ஆண்டில் ஏறத்தாழ 16 இலட்சத்து 6 ஆயிரம் ரூபாய் ஆகியிருக்கும். வட்டிக்கு 20 விழுக்காடு வருமான வரி செலுத்துபவராயின் கையில் நிற்பது ஏறத்தாழ 13 இலட்சத்து 57 ஆயிரம். வைப்புத்தொகையோடு சமமாக நிற்க, அந்த ஹெரால்டு பதின்மூன்றரை இலட்சத்துக்கு மேல் விலைபோக வேண்டும்.

பணவீக்கத்தையும் மறத்தல் ஆகாது. விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்ந்தால், இன்றைய 4 இலட்சத்தின் வாங்கும் திறனைப் பதினைந்து ஆண்டு கழித்துப் பெற ஏறத்தாழ 9 இலட்சத்து 59 ஆயிரம் வேண்டும். அந்த ஏழரை இலட்சம், தொடக்கத்தில் இட்ட நான்கு இலட்சத்தின் வாங்கும் திறனைக்கூட மீட்டுத் தரவில்லை.

கடன் பெற்று வாங்கினால் கணக்கு மேலும் கடுமையாகும். ரூ. 4,00,000-ஐ 12 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுத் தனிநபர் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 8,898. வட்டி மட்டும் ரூ. 1,33,000-க்கும் மேல். கடன் வழங்கும் தொழிலில் உள்ள நாமே இதனைச் சொல்கிறோம்: வருவாய் தராத பொருளை விலையேற்றத்தை நம்பிக் கடனில் வாங்குவது முறையன்று.

நம் மண்ணில் கூடும் செலவுகள்

கார் ஓர் உலோகப் பொருள். தங்கத்தைப் போல அது பெட்டகத்தில் கிடந்து பொறுத்திருப்பதில்லை. இடவப்பாதி, துலாமழை என இரு பருவ மழைகளையும் பெறும் நம் வட்டாரத்தில் துருவே முதற் பகைவன். ஹெரால்டின் உடற்பகுதிகள் தனிச் சேசிஸின் மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டவை. மேலே பளபளக்கும் பெயின்ட்டைப் பார்த்து மகிழ்ந்து, கீழே சேசிஸின் கைகள் அரித்துப்போயிருப்பதைக் காணாமல் வாங்கியவர் பின்னர் வருந்துவார்.

எரிபொருளும் மாறிவிட்டது. இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய கார்களின் ரப்பர் குழாய்களும் கார்புரேட்டரின் சீல்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றை எத்தனாலைத் தாங்கும் பொருளில் மாற்றியாக வேண்டும். ஓட்டாமல் மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தாலும் டேங்கில் ஈரம் சேரும், பாட்டரி சாகும், பிரேக் இறுகும். கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்யும் மூத்த மெக்கானிக்குகளும் குறைந்து வருகிறார்கள்.

சட்டம் விலையை ஆக்கவும் அழிக்கவும் வல்லது

வளைகுடாவிலிருந்து ஒரு நவீன மரபுக் காரை வாங்கி வர எண்ணுவோர் முதலில் இதனை அறிதல் வேண்டும். மிகப் பழைய வண்டிகளுக்கான தனி விதி நீங்கலாக, மூன்று ஆண்டுக்கு மேல் பழகிய காரை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யப் பொதுவாக அனுமதி இல்லை. ஸ்டீயரிங்கும் வலப்பக்கம் இருத்தல் வேண்டும். வளைகுடாக் கார்களோ இடப்பக்க ஸ்டீயரிங் கொண்டவை. துபாயில் மலிவாகக் கிடைக்கும் இருபது வயது ஜாகுவார் களியக்காவிளைச் சாலையில் ஓடப்போவதில்லை.

உள்நாட்டுப் பழைய வண்டிகளுக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதி வகுத்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரும் மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் பேணப்படும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்கள் மரபு வாகனங்களாகப் பதிவு பெறலாம். புதிய பதிவுக்கு ரூ. 20,000 கட்டணம். பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு ரூ. 5,000. புதிதாகப் பதிவாகும் வண்டியின் எண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். ஏற்கெனவே பதிவானவை தம் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இவ்வாறு பதிவு செய்த வண்டியை அன்றாடப் பயணத்துக்கோ வாடகைக்கோ ஓட்டுதல் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பழுதுநீக்கம், எரிபொருள் நிரப்பல் ஆகியவற்றுக்கே அனுமதி. 1975-ல் பதிவான கெசல் 2025-ல் ஐம்பதை நிறைவு செய்தது. ஸ்டாண்டர்டு 2000 அத்தகுதியை எட்ட இன்னும் பத்தாண்டு அளவில் ஆகும்.

பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த கார்களுக்குச் சாலை வரி விலக்கு உண்டு. அங்கே விலை ஏறுவதற்கு இத்தகைய சலுகைகளும் துணை. இங்கோ, 15 ஆண்டு கடந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அக்கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ. 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு ரூ. 10,000-ஆகவும், இறக்குமதிக் கார்களுக்கு ரூ. 80,000-ஆகவும் உயர்த்தப்பட்டது. தில்லி வட்டாரத்தில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடுவதற்கு விதித்த தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, அங்கே பழைய கார்களின் மதிப்பு ஆட்டங்கண்டது. வெளிநாட்டு விலைப் பட்டியலைக் கொண்டு உள்ளூர்க் காரை மதிப்பிடுதல் எவ்வளவு பிழையானது என்பது இவற்றால் விளங்கும்.

எல்லையில் வாழ்வோர்க்கு ஆவணமே விலை

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. உறவுகள் மட்டும் இருபுறமும் தொடர்ந்தன. இஞ்சிவிளையில் அண்ணன், மார்த்தாண்டத்தில் தம்பி என்பது இங்கே இயல்பு. தந்தையின் கார் அண்ணன் வீட்டு ஷெட்டிலிருந்து தம்பி வீட்டுக்குச் சில கிலோமீட்டர் நகர்ந்தால், அது சட்டத்தின் பார்வையில் மாநிலம் கடந்த நகர்வு ஆகிறது. கே.எல். 19 பாறசாலை, கே.எல். 20 நெய்யாற்றின்கரை, டி.என். 75 மார்த்தாண்டம். இம்மூன்று அலுவலகங்களும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருப்பினும் விதி தளர்வதில்லை.

ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புதிய பதிவெண் பெறுதல் வேண்டும். அதற்கு மூல அலுவலகத்திலிருந்து படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெற்று, புதிய மாநிலத்தின் வரியையும் செலுத்த வேண்டும். விற்பனையாயின் படிவம் 29, 30 ஆகியவை தேவை. விற்றவர் அதே மாநிலத்துக்குள் 14 நாளிலும், மாநிலம் கடந்தால் 45 நாளிலும் தெரிவித்தல் வேண்டும். காப்பீட்டை வாங்கியவர் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். பெயர் மாற்றாமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டால், பின்னர் நேரும் விபத்துக்குப் பதிவேட்டில் உள்ளவரே பதில் சொல்ல நேரிடும்.

உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசு 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 மூலம் பெயர் மாற்றம் கோர வேண்டும். இப்போது பதிவுச் சான்றிலேயே நாமினியைக் குறிப்பிடவும் வழி உண்டு. பாட்டனார் பெயரிலேயே நிற்கும் பதிவுப் புத்தகம், நான்கு வாரிசுகள், இரண்டு மாநிலங்கள் என்னும் நிலையில் உள்ள கார், எவ்வளவு அழகாக இருந்தாலும் நல்ல விலைக்கு வாங்குபவர் முன்வருவது அரிது.

எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருத்தல் மற்றொரு இன்றியமையாத செய்தி. எரிபொருள் செலவைக் குறைக்கப் பல பழைய கார்களில் வேறு எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. அம்மாற்றம் பதிவில் ஏறாதிருந்தால் சட்டச் சிக்கல். பதிவில் ஏறியிருந்தாலும் மூல வடிவம் இழந்ததால் மரபு மதிப்புக் குறையும். பழைய ரசீதுகள், வரி அட்டைகள், முதல் விற்பனைப் பட்டியல், காரோடு எடுத்த குடும்பப் புகைப்படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். இதற்குச் செலவு ஏதும் இல்லை. விற்கும் நாளில் இக்கோப்புக்கு ஒரு புதிய பெயின்ட்டைவிட மிகுந்த மதிப்புக் கிடைக்கும்.

காப்பீடும் வரியும்

ஐந்து ஆண்டு கடந்த காருக்குத் தேய்மான அட்டவணை பொருந்தாது. காப்பீட்டு மதிப்பை நிறுவனமும் உரிமையாளரும் பேசி உடன்பட வேண்டும். பேசாமல் விட்டால், பாலிசியில் பழைய இரும்புக்குரிய சிறு தொகையே எழுதப்பட்டிருக்கலாம். மதிப்பீட்டாளரின் அறிக்கை, புகைப்படங்கள், சீரமைப்பு ரசீதுகள் ஆகியவற்றைக் கொடுத்து உரிய மதிப்பை எழுதச் செய்யுங்கள்.

வருமான வரியில் ஓர் ஆறுதல் உண்டு. சொந்த உபயோகத்துக்காக வைத்திருக்கும் கார் பொதுவாக மூலதனச் சொத்தாகக் கருதப்படுவதில்லை. எனவே விற்பனை இலாபத்துக்கு மூலதன ஆதாய வரி எழுவதில்லை. அதே காரணத்தால் நட்டம் வந்தாலும் அதை வேறு ஆதாயத்தில் கழிக்க இயலாது. இலாபத்துக்காகவே வாங்கி விற்பவர்க்கு இது பொருந்தாது. அவர்கள் தணிக்கையாளரைக் கலந்துகொள்ளுதல் நன்று.

முடிவெடுக்கும் முன்

வாங்க எண்ணுவோர் ஐந்து வினாக்களுக்குத் தாளில் விடை எழுதிப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

1. இத்தொகை முழுதும் பத்து ஆண்டு திரும்பாமல் போனாலும் வீட்டுச் செலவும், பிள்ளைகளின் கல்வியும், மருத்துவச் செலவும் தடைப்படாமல் நடக்குமா?

2. வாங்கும் விலையோடு, சீரமைப்புக்கும் ஆண்டுச் செலவுக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறோம்?

3. எஞ்சின், சேசிஸ் எண்கள், பதிவு, வரி, காப்பீடு ஆகியவை முறையாக உள்ளனவா? எந்த மாநிலத்துப் பதிவு?

4. நாளை விற்க வேண்டுமானால் வாங்கக்கூடியவர்கள் எங்கே இருக்கிறார்கள்? அவர்களை அடைய எத்தனை மாதம் ஆகும்?

5. விலை ஒரு ரூபாயும் ஏறாவிட்டாலும் இக்காரை வைத்திருப்பதில் நமக்கு மகிழ்ச்சி உண்டா?

முதல் வினாவுக்கு ‘இல்லை’ என்பது விடையானால் மற்ற நான்கையும் எழுத வேண்டியதில்லை. பணிக்கொடைத் தொகையோ மகளின் படிப்புக்கு வைத்த பணமோ கார் ஷெட்டுக்குள் போகக் கூடாது. ஐந்தாம் வினாவுக்கு ‘உண்டு’ என்று மனமார விடை கூறுபவர், தம் உபரிப் பணத்தில் வாங்கலாம். அவருக்கு அக்கார் ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் ஆதாயத்தைத் தந்துகொண்டிருக்கும்.

ஏற்கெனவே காரை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நம் பரிந்துரை வேறு. வாங்கிய விலை என்றோ முடிந்துபோன கணக்கு. இனி ஆண்டுதோறும் ஆகும் செலவே உங்கள் முதலீடு. ஓட்டவும் பேணவும் ஆள் இருந்தால், ஆவணங்களை உரியவர் பெயருக்கு மாற்றி, துருவைத் தடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லையெனில், இன்னும் ஏறும் என்று காத்திருக்கும் ஒவ்வொரு மழைக்காலமும் காரின் இரும்பையும் விலையையும் ஒருசேரக் கரைக்கும். பேணத் தெரிந்த ஒருவருக்கு முறைப்படி விற்று, வரும் தொகையை வாரிசுகள் பகிர்ந்துகொள்வது தந்தையின் நினைவுக்கு இழுக்காகாது. ஓடும் நிலையில் அக்கார் இன்னொரு வீட்டில் வாழ்வது, நம் வீட்டுக் கொட்டகையில் அது மண்ணாவதைவிட மேலானது.